ஒரு சொல்லும் பல வினைகளும்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே அணை ஒன்று உளது. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றிய ஆறு ஈண்டுத் தேங்கி நிற்கின்றது. அத்தகைய நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்போன் பரிசலை நீரில் இறக்குகின்றான். ஓசூரின் தொழிற்சாலையோ புதிய ஊர்தியை அறிமுகம் செய்கின்றது. ஆங்கிலம் இவ்விரண்டையும் ‘லாஞ்ச்’ என்னும் ஒரே வினையாற் கூறும்.

ஈட்டியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடு அவ்வினை உறவுடையது. எறிதலும் குத்துதலும் அதன் பழம்பொருள்கள். பின்னர்க் கப்பலை நீரில் விடுதல், தொழிலைத் தொடங்குதல், விண்கலத்தை அனுப்புதல் எனப் பொருள் விரிந்தது. நம் கடற்கரையார் விசைப்படகை ‘லாஞ்சு’ என்பர். அப்பெயர் வேறு வழியில் வந்தது. அதன் மூலம் மலாய்ச் சொல் என்று அறிஞர் கருதுவர். ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறு.

தமிழோ, செய்யப்படும் பொருளை நோக்கி வினையைத் தேர்ந்துகொள்ளும். அம்பை எய்வர், கணையை ஏவுவர், நூலை வெளியிடுவர். புதுத்தேரை முதன்முதல் இழுத்துப் பார்ப்பதனை வெள்ளோட்டம் என்பர். வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்துக் கப்பல் விட்டார். காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1980 சூலை 18-இல் சிறீஅரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோள் விண்ணிற் செலுத்தப்பட்டது.

‘ஏவு’ என்பதற்குக் கட்டளையிடுதல் என்னும் பொருளும் உண்டு. முன்னிலையில் நிற்பவனைச் ‘செய்’ எனப் பணிக்கும் வினையை இலக்கணத்தார் ஏவல் என்றனர். ஏவப்பட்டது, ஏவியவன் கருத்துவழிச் செல்லும். ஆதலின் ஏவுகணை என்னும் புத்தாக்கம் நன்கு பொருந்துகின்றது. ‘நூலை ஏவினார்’ என்பதோ நகைப்பிற்கிடமாகும்.

இந்நாளில் பலர் இவற்றையெல்லாம் விடுத்து, ‘லாஞ்ச் பண்ணினார்கள்’ என்று ஒரே தொடராற் கூறுகின்றனர். அதனாற் பேச்சு எளிதாகலாம். ஆயின் இறக்குதலுக்கும் ஏவுதலுக்கும் உள்ள வேறுபாடு மெல்ல மறையும். வழங்காத சொல் முதலில் நாவினின்றும், பின்னர் நினைவினின்றும் நீங்கிவிடும். எனவே பெயர்த்தெழுதும் மாணவர், ஆங்கிலச் சொல்லை மட்டும் நோக்காது, நிகழும் செயலை நோக்குதல் வேண்டும். செயலை உணர்ந்தார்க்கு உரிய தமிழ்ச்சொல் தானே வந்து வாய்க்கும்.