தூரிகை கழுவும் கிண்ணம்

ஐந்தருவிச் சாலையில் இருந்தது என் தமிழாசிரியரின் வீடு. மாணவனாய் நான் அங்குச் சென்ற நாள்களில், அவருடைய மேசைமீது உள்ளங்கையளவுப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கும். அருவிப்பாறையில் படர்ந்த பாசியின் பச்சை. விடைத்தாள் திருத்தி முடித்ததும் பேனா முள்ளை அதிலுள்ள நீரில் அலசி வைப்பார். அவர் தந்தை பினாங்கிலிருந்து கொண்டுவந்ததாம். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

2017 அக்டோபரில் ஹாங்காங் ஏலமொன்றில் 13 செ.மீ. குறுக்களவுள்ள கிண்ணம் ஒன்று 29.43 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. சீனத்து வட சோங் அரசர் காலத்தது (960-1127). எழுதி முடித்தபின் தூரிகை கழுவுவதற்கானது. சீன அறிஞர் மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைத்து எழுதினர். நீர் சொட்ட ஒரு சிறுகுடுவை, தூரிகையைச் சாய்த்துவைக்க ஒரு தாங்கி, கழுவ ஒரு கிண்ணம் என மேசைப் பொருள்களையும் பீங்கானில் வனைந்தனர். நம்மவரோ எழுத்தாணியால் ஓலையைக் கீறிக் கரி தடவினர். நீர்க்கிண்ணத்துக்கு அங்கே வேலையில்லை.

ஆயினும் அந்தப் பச்சை நமக்குப் புதிதன்று. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. லாங்சுவான் சூளைகளின் பச்சைக் கலங்களும் அவற்றில் உண்டு. இரும்பு கலந்த மெருகுப்பூச்சு, காற்றுக் குறைந்த சூளையில் வெந்து அந்நிறம் பெறுகிறது.

ஏலச்செய்தி படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. ஆசிரியர் மறைந்தபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு அவர் துணைவியார் சொல்ல, நூல்களை மட்டும் அள்ளி வந்தவன் நான். மறுவாரமே சென்றேன். கொல்லையில் குருவிகளுக்கு நீர் வைக்கும் கலமாகியிருந்தது கிண்ணம். கவிழ்த்துப் பார்த்தேன். முத்திரை ஏதுமில்லை, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பழம்பொருளா, பினாங்குக் கடையில் அன்று வாங்கியதா, என்னால் சொல்ல இயலவில்லை.

"வேணும்னா கொண்டு போங்க தம்பி. சார் போன பிறகு யாரும் இந்தப் பக்கம் வரலை," என்றார் அம்மா.

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது. ஐந்தாண்டுகளில் என்னை அவ்வாசலுக்கு அழைத்துவந்தது ஒரு விலை. கிண்ணத்தில் நீரூற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"எடுத்துக்கிடலையா?"

"குருவி தேடுமே அம்மா."

அதன்பின் ஆண்டுதோறும் சாரல் காலத்தில் போகிறேன். கிண்ணம் அங்கேதான் இருக்கிறது.