சைலன்சர் கருகினால் தண்ணீரைத் தேடு

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் தெருக்களுக்கு நிகராகக் கால்வாய்கள் ஓடுகின்றன. பல வீடுகளின் பின்வாசலிலேயே படகு கட்டியிருக்கிறது. 1959 முதல் நடந்துவரும் இந்த ஊரின் படகுக் கண்காட்சியைப் பற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர். நியூ ரிவர் ஆற்றை ஒட்டி, 84ஆம் எண் மாநிலச் சாலையோரத்துப் பட்டறைகளில் அந்தப் படகுகளை ஓடவைக்கிறவர்களைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

டீசல் என்ஜின் பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவர், தன் உதவியாளரோடு என்னையும் கூட இருக்க அனுமதித்தார். அன்று வந்திருந்தது வார இறுதியில் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போகிற ஒருவரின் படகு. என்ஜின் சத்தம் மாறிவிட்டது, பின்னால் வெள்ளை ஆவி வருகிறது, கேபினில் ரப்பர் கருகும் வாடை அடிக்கிறது என்றார் உரிமையாளர். சைலன்சர் போய்விட்டது, மாற்றிக் கொடுத்தால் போதும் என்பது அவர் எண்ணம். போன வருடம்தான் வேறோர் இடத்தில் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

“வருடத்துக்கு ஒரு சைலன்சர் செத்தால், கொலையாளி வேறு எங்கோ இருக்கிறான்” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னதன் பொருள் புரிய, படகின் புகை எந்த வழியில் போகிறது என்று தெரிய வேண்டும். என்ஜினிலிருந்து வரும் புகையின் சூடு 400 டிகிரி செல்சியசைத் தாண்டும். மூடிய ஃபைபர் உடலுக்குள் அதை அப்படியே விட்டால் படகு தீப்பிடிக்கும். அதனால் கடல்நீரை உள்ளே இழுத்து, என்ஜினின் சூட்டைத் தணித்தபின், அதே நீரை எல்போ என்கிற வளைகுழாயில் புகையோடு கலக்கிறார்கள். நீர் கலந்ததும் புகையின் சூடு சட்டென்று இறங்குகிறது. அங்கிருந்து ரப்பர் ஹோஸ், ஃபைபர் சைலன்சர், பின்பக்கத் துவாரம் என்று நீரும் புகையும் சேர்ந்தே வெளியேறுகின்றன. ரப்பரும் ஃபைபரும் அந்த நீரை நம்பித்தான் பிழைத்திருக்கின்றன. முழு வேகத்தில் தண்ணீர் அடியோடு நின்றாலும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் இந்த ஹோஸுக்கு எஸ்.ஏ.இ. ஜே2006 தரம் வைக்கும் சோதனை. அதற்குமேல் உத்தரவாதம் இல்லை.

மெக்கானிக் முதலில் சைலன்சர் பக்கமே போகவில்லை. என்ஜினை ஓடவிட்டுப் படகின் பின்னால் நின்று, துவாரத்திலிருந்து எவ்வளவு நீர் விழுகிறது என்று பார்த்தார். புகை நிறைய வந்தது, நீர் குறைவாக வந்தது. என்ஜினை நிறுத்தி, கடல்நீர் வால்வை மூடிவிட்டு, வடிகட்டியைத் திறந்தார். கொஞ்சம் கடற்புல், அவ்வளவுதான். அடுத்து கடல்நீர் பம்ப். மூடியைக் கழற்றி, நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். அதன் இதழ்களில் இரண்டைக் காணோம்; மற்றவை வளைந்தபடியே விறைத்திருந்தன.

புது இம்பெல்லரைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ உதவியாளரிடம், காணாமல்போன துண்டுகளைத் தேடச் சொன்னார். அவை நீரோடு போய், கடல்நீர் என்ஜினின் சூட்டை வாங்கிக்கொள்ளும் வெப்பமாற்றியின் வாயில் சிக்கியிருந்தன. அவற்றை எடுக்காமல் விட்டிருந்தால் புது இம்பெல்லரும் போதிய நீரை அனுப்பியிருக்காது. பிறகு எல்போவைக் கழற்றினார்கள். உள்ளே உப்பும் கரியும் கெட்டியாக அப்பியிருந்தன. கடல்நீரும் டீசல் புகையின் கந்தகமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

கடைசியில்தான் சைலன்சர். சந்தையில் பானை வாங்குபவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அதைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே போனார். கீழ்ப்பகுதி ‘டங்’ என்றது. ஹோஸ் நுழையும் இடத்துக்கு அருகே ‘தொப்’ என்றது. சூட்டில் ஃபைபர் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்டன. அசைத்தபோது உள்தடுப்பு ஒன்று கழன்று உருண்டது. அது வழியை மறித்ததால்தான் சத்தம் மாறியிருக்கிறது.

எரிந்த சைலன்சரை வெளியே எடுக்கும் பாடு தனிக்கதை. என்ஜினுக்கும் படகின் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கத்தான் இடம். உதவியாளர் அங்கே படுத்து, ஹோஸை நீளவாக்கில் அறுத்து உரித்தார். வியர்வை கண்ணில் இறங்குகிறது. துடைக்கக் கை வளையாது. புது ஹோஸின் ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு ஸ்டீல் கிளிப்புகளைப் பூட்டினார். பார்வைக்கு எட்டாத கிளிப்பை விரலால் தடவி உறுதிசெய்தார்.

புதுச் சைலன்சரையும் பொருத்தியபின் படகை ஆற்றில் கிளப்பினார்கள். எல்போவின் சிறு துளையில் ஒரு குழாயைச் செருகி, நீர் நிரப்பிய யு வடிவக் கண்ணாடிக் குழாயோடு இணைத்தார் மெக்கானிக். இரு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், புகை வெளியேறுவதை எதிர்க்கும் பின்னழுத்தம். திறந்த நீரில் முழு வேகத்தில் ஓட்டி அளந்தபின், என்ஜின் கம்பெனி அனுமதிக்கும் அளவுக்குள் இருப்பதைக் காட்டினார். புகைவழிக்கு ஒரு சூடு அலாரமும் பொருத்தச் சொன்னார். உரிமையாளருக்கு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்: என்ஜின் கிளம்ப மறுத்தால் வால்வைத் திறந்துவைத்தபடி ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுற்றாதீர்கள், தள்ளிவிடப் புகை இல்லாததால் நீர் சைலன்சரை நிரப்பி, என்ஜினுக்குள்ளேயே ஏறிவிடும்.

இந்த வேலையில் அவர்கள் காட்டும் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பிளந்த சைலன்சரும் தளர்ந்த ஹோஸும் கார்பன் மோனாக்சைடைக் கேபினுக்குள் விடும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கசிவே இல்லாத படகிலும் பின்பக்கம் அது தேங்கும். யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள லேக் பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில் சகோதரர்களான சிறுவர் இருவர் படகுவீட்டின் பின்புறம் நீந்தியபோது, ஜெனரேட்டர் புகையிலிருந்த இந்த வாயுவால் இறந்தார்கள்.

சைலன்சரை மட்டும் மாற்றித் தருகிறவர் ஒரு பாகத்தை விற்கிறார். நீரின் வழியை முழுக்கத் தேடுகிறவர் ஒரு குடும்பத்தைக் காக்கிறார். தேடும் அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள், அது நியாயமில்லை. எந்த ஊரில் நீங்கள் என்ஜின் படகில் ஏறினாலும், கிளம்பும்முன் பின்னால் புகையோடு நீரும் விழுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பிள்ளைகளைப் பின்மேடையில் உட்காரவோ அதன் அருகே நீந்தவோ விடாதீர்கள்.