புழு இல்லாத புழு

பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'ரிங்வோர்ம்' என்பதை 'வளையப்புழு' என்று மொழிபெயர்த்து ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது புழுவே அல்ல. தோலிலும் முடியிலும் வளரும் பூஞ்சை. தமிழில் படர்தாமரை. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு வெட்கம்தான். ஆனால், சொல் தெரிந்தால் மட்டும் நோய் தெரிந்துவிடாது என்பதை இரண்டு பூனைக்குட்டிகள் கற்றுக்கொடுத்தன.

தில்லியில் எங்கள் வாடகை வீட்டு மாடிப்படிக்குக் கீழே தாயில்லாமல் கிடந்தவை. மகள் தூக்கி வந்தாள். பத்து நாளில் ஒன்றின் காதோரம் முடி கொட்டி, சாம்பல் நிறச் செதில் தெரிந்தது. அடுத்த வாரம் மகளின் முன்கையில் எட்டணா அளவில் சிவந்த வட்டம். மருந்துக் கடையில் கேட்டதும் ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. மூன்றாவது வாரம் வட்டம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. களிம்பில் ஸ்டீராய்டு இருந்ததாம். அது சிவப்பை அடக்கும். தோலின் எதிர்ப்பையும் அடக்கிப் பூஞ்சைக்கு வழிவிடும். இதைத் தோல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கார அம்மாள் "தாத்!" என்று அலறி, குட்டிகளை அப்புறப்படுத்தச் சொன்னார். கூடையோடு மார்க்கெட் வரை போனேன். கீழே வைக்கும்போது, பள்ளியில் மகளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. கூடையோடு திரும்பினேன்.

கால்நடை மருத்துவர் இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினார். முடியின் அடிப்பகுதி பச்சையாக ஒளிர்ந்தது. எல்லா வகைப் பூஞ்சையும் ஒளிராது என்பதால் முடியைச் சோதனைக்கும் அனுப்பினார். எடைக்கேற்ற அளவில் இட்ராகோனசோல்; வாரம் இரு முறை சுண்ணாம்பு-கந்தகக் கரைசலில் குளியல். வீடெங்கும் அழுகிய முட்டை நாற்றம்.

மருந்தைவிடப் பெரிய வேலை வீட்டைச் சுத்தம் செய்வது. உதிர்ந்த முடியில் இருக்கும் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழும். குட்டிகளைக் குளியலறையில் அடைத்து, தினமும் முடியைப் பொறுக்கி, துணிகளைத் தனியே துவைத்து, சோப்பு நீரால் கழுவிய தரையை நீர்த்த பிளீச்சால் துடைத்தேன்.

ஒன்பது வாரங்களாயின. அடுத்தடுத்த இரு சோதனைகளிலும் பூஞ்சை இல்லை. மகளின் கையில் மங்கலான தழும்பு மட்டும்.

அன்று மாலை வீட்டுக்கார அம்மாள் மாடியேறி வந்தார். காலி செய்யச் சொல்வார் என்று நினைத்தேன். முந்தானையிலிருந்து பாதி பிதுக்கிய களிம்பு டியூப்பை எடுத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "நீ சொன்னது இதுதானா, பேட்டி?"