அரிசிலாற்றங்கரையில் ஓர் ஓவிய வகுப்பு

நல்ல நாவல் ஒன்றைப் படித்து மகிழ்வது இன்பம். படித்ததைக் கையால் தீட்டிப் பார்ப்பது அதனினும் பேரின்பம் என்பது என் எண்ணம். திருநள்ளாற்றில் விடுமுறை நாட்களில் சிறுவர் சிறுமியர் சிலருக்கு நான் ஓவியம் பயிற்றி வருகின்றேன். அதற்கென நான் தேர்ந்த நூல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. அது 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. அவ்வாண்டுகளில் எங்கள் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் வியக்கின்றனர்.

வந்தியத்தேவனை வரையுங்கள் என்றேன். பலர் 2022ஆம் ஆண்டில் வந்த திரைப்படத்தின் நடிகர் முகத்தையே வரைந்தனர். வேறு சிலர் தொடர்கதைக்கு மணியம் தீட்டிய படங்களைப் பார்த்து எழுதினர். மணியம் பெரிய ஓவியர். பழஞ்சிற்பங்களை உற்றுநோக்கி அணிகலன்களையும் கொண்டை வகைகளையும் அறிந்தவர். கல்கியுடன் இலங்கைக்கும் சென்று வந்தவர். அவர் கண்டதை அவர் தீட்டினார். நாம் கண்டது எது?

அதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வந்தியத்தேவன் குடந்தைக்கு அருகே அரிசிலாற்றங்கரையில் முதலை ஒன்றைக் கண்டு, பெண்களைக் காக்க வேல் எறிகின்றான். அது வானதியின் அச்சத்தைப் போக்க வைத்திருந்த உயிரற்ற முதலை! அந்த அரிசிலாறே இன்று அரசலாறு என்னும் பெயருடன் எங்கள் பக்கம் ஓடி வந்து, காரைக்காலை ஒட்டிக் கடலில் கலக்கின்றது.

அப்பகுதியை இருமுறை உரக்கப் படித்தேன். நூல் சொல்லாதவற்றைப் பிள்ளைகளே முடிவு செய்தனர்: வெயில் எப்பக்கம்? கரை சரிவா, செங்குத்தா? வண்ணங்களையும் நாங்களே ஆக்கிக்கொண்டோம். செங்கற்பொடி, அடுப்புக்கரி, மஞ்சள் ஆகியவற்றை வேலம்பிசின் நீரில் குழைத்தோம். மஞ்சளிற் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அது சிவந்தபோது எழுந்த ஆரவாரம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நீருக்கு மட்டும் கடையில் நீல வண்ணம் வாங்கினோம்.

எல்லோரும் ஆற்றை நீலமாகத் தீட்டினர். ஒரு சிறுவன் மட்டும் வெறும் மணலைத் தீட்டினான். மணலில் குந்தவை நிற்க, முதலை கிடக்க, அப்பால் ஆடுகள் மேய்ந்தன. பிறர் நகைத்தனர். “ஐயா, நான் பார்த்த ஆறு இதுதானே!” என்றான் அவன். “கதையில் அது புதுவெள்ளக் காலம், தண்ணீர் இல்லாமல் முதலை எப்படி வரும்?” என்று ஒரு சிறுமி மறுத்தாள். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. காவிரியின் கடைமடையில் வாழ்வோர்க்கு வறண்ட ஆறு புதிதன்று. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கமாயினும், நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த பின்னும் எங்களை வந்தடையச் சில நாட்கள் ஆகும். படத்தைத் திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆடியில் நீர் வந்தது. எல்லோரையும் கரைக்கு அழைத்துச் சென்றேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அச்சிறுமியே, “ஐயா, தண்ணீர் நீலமாக இல்லையே!” என்றாள். வண்டல் கரைந்த புதுநீர் காவி நிறத்தில் சுழித்தோடிக்கொண்டிருந்தது. மணல் தீட்டிய சிறுவன் தன் படத்தை மடியில் விரித்தான். செங்கற்பொடியும் மஞ்சளும் கேட்டான். ஆடுகளை அழிக்காமல், மணலின் ஓர் ஓரத்தில் முதல் நீரை வரையத் தொடங்கினான்.