மாயாவியை எங்கிருந்து தொடங்குவது?



போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பழைய முத்து காமிக்ஸ் கட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "டீச்சர், நீங்களுமா!" என்று சிரித்தவர்கள் பலர். ஆனால் பதினோரு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "என் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கணும் டீச்சர், எதில் ஆரம்பிக்கட்டும்?" தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் "மாயாவி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களில் பாதிப்பேர் சொல்வது ஒருவரை, மீதிப்பேர் சொல்வது வேறொருவரை. 1970களில் படித்த என் வயதுக்காரர்களுக்கு மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. 1990களில் என்னிடம் படித்தவர்களுக்கோ ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி. அவர் குதிரையில் வருவார், மண்டையோட்டுக் குகையில் வாழ்வார், கூடவே ஓநாய் ஒன்று இருக்கும். இருவருக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடையில் போய் "மாயாவி கொடுங்க" என்றால் எதைக் கொடுப்பார் பாவம்!

இரும்புக்கையாரிடமிருந்தே தொடங்குகிறேன். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணன் திண்டுக்கல் பேருந்து நிலையக் கடையில் வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைப்பான். அவன் டியூஷன் போகும் ஒரு மணி நேரத்துக்குள் நான் படித்து முடித்து, மடிப்புக் கலையாமல் அதே இடத்தில் வைத்தாக வேண்டும். நான் வேகமாகப் படிக்கப் பழகியது அப்படித்தான்!

இந்தக் கதை 1962ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் தொடங்கியது. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். கதை நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆராய்ச்சிக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். ஒருநாள் பெரும் மின்அதிர்ச்சி தாக்குகிறது, உடல் முழுவதும் மறைந்துபோகிறது. அந்த இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மின்சாரத்தின் வேகம் தணிந்ததும் பழையபடி உருவம் வந்துவிடும். திரும்ப மறைய வேண்டுமானால் மறுபடி ஒரு மின்அதிர்ச்சி வேண்டும்.

புதிதாகப் படிக்க வரும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். மறைவதற்கு மின்சாரம் வேண்டும், அதற்கு ஒரு நேரக் கணக்கு உண்டு, கை மறையாது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பிள்ளைக்குப் பிடிபடும். "ஐயையோ, மறுபடி தெரியப்போறானே!" என்று அதுவே பதறும். இன்றைக்கு வரும் அமெரிக்க சூப்பர் ஹீரோக்களைப் புரிந்துகொள்ள இருபது படம் பார்த்திருக்க வேண்டுமாம். என் பேத்தி சொல்கிறாள். மாயாவிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இனி கேள்விக்கு வருகிறேன். முதல் கதையிலிருந்தே வரிசையாகப் போகலாமா? வேண்டாம் என்பேன். முதல் கதையில் கிராண்டேல் நல்லவன் இல்லை. மறையும் சக்தி கிடைத்ததும் குற்றத்தில் இறங்குகிறவன்தான். பிற்பாடுதான் திருந்தி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். இரும்புக் கையின் விரல்களுக்குள் ஆயுதங்கள் வருவதும் அப்போதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் உளவாளி மாயாவி போதும். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', இவற்றில் எது கையில் கிடைத்தாலும் சரி. நாலைந்து படித்துவிட்டு, "இவருக்கு எப்படி இந்தக் கை வந்தது?" என்று பிள்ளையே கேட்கும். அப்போது முதல் கதையைக் கொடுங்கள். தான் நேசிக்கும் ஆள் ஒரு காலத்தில் திருடன் என்று தெரியும்போது அந்த முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

இதை நான் சும்மா சொல்லவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஈராசிரியர் பள்ளியில் இருந்தபோது ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன். அம்மா நூற்பாலையில் ஷிப்ட் வேலை. பையனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்குமேல் தெரியாது. பாடப்புத்தகத்தை நீட்டினால் தலையைக் குனிந்துகொள்வான். ஆறாம் வகுப்புக்கு வேறு ஊருக்கு நடக்க வேண்டும். படிக்கத் தெரியாமல் போனால் அங்கே ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டான், பிறகு பருத்திக் காட்டுக்கோ மில்லுக்கோதான் என்பது எனக்குத் தெரியும்.

அவனிடம் ஒரு மாயாவி புத்தகத்தைக் கொடுத்தேன். படிக்கச் சொல்லவில்லை. "படத்தைப் பார், இவன் என்ன சொல்லுவான்னு நீயே சொல்லு" என்றேன். சொன்னான். "சரி, அப்படித்தான் போட்டிருக்கான்னு பாப்போமா?" என்று வசனக் கூட்டுக்குள் விரலை வைத்தேன். முதலில் அவன் படித்தது 'டுமீல்'. பிறகு 'ஆ!'. சத்தச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே சொல், படமே பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். இரண்டு வாரத்தில் குட்டி வசனங்கள். தீபாவளி லீவுக்குப் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப் போனான். திரும்பி வந்து, "டீச்சர், மாயாவி கை மட்டும் நமக்கு இருந்தா நல்லாம்பட்டிப் பூட்டுக்குச் சாவியே வேணாம்" என்றான். அவன் மாமா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர்.

பள்ளிப் பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி, "இதெல்லாம் குப்பை, பிள்ளைகளைக் கெடுக்கும்" என்றார். பையனைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தான். அதிகாரி ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். அந்த மாணவன் இப்போது வயரிங் வேலை செய்கிறான், இந்தப் பதிவையும் படிப்பான். (தம்பி, பெயர் போடவில்லை, பயப்படாதே.)

இப்போது உங்கள் பிள்ளைகளின் நிலைமை வேறு. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று இருக்கிறீர்கள். பிள்ளைகள் தமிழ் நன்றாகவே பேசுகிறார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். என் தங்கை பேரனும் அப்படித்தான். போன மே மாதம் வந்திருந்தபோது அதே வைத்தியத்தைத்தான் அவனுக்கும் செய்தேன். பத்து நாளில் ஒரு புத்தகம். அவன் கேட்ட கேள்வி, "இவங்க ஏன் பாட்டி இப்படிப் பேசறாங்க?" என்பது. அந்த மொழிபெயர்ப்புத் தமிழ் அப்படித்தான், வீட்டுப் பேச்சும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. ஆனால் அந்தத் தமிழில் வேகம் இருக்கிறது. பிள்ளை அதைப் பேசிப் பார்த்துச் சிரிக்கட்டும், சிரித்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து முகமூடிக்காரர். லீ ஃபால்க் என்ற அமெரிக்கர் 1936 பிப்ரவரியில் தொடங்கிய நாளிதழ்த் தொடர் இது. அவர் 1999ல் மறைந்த பிறகும் வேறு கைகளில் தொடர்கிறது. தொண்ணூறு ஆண்டுக் கதையில் எங்கே நுழைவது என்று மலைக்க வேண்டாம். 1536ல் கடற்கொள்ளையரால் தந்தையை இழந்த ஒருவன், கொன்றவனின் மண்டையோட்டின்மீது சத்தியம் செய்து அநீதியை எதிர்க்கக் கிளம்புகிறான். அவனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் அவன் மகன். நாம் படிப்பது இருபத்தொன்றாவது ஆளின் கதை. ஒரே முகமூடி, ஒரே உடை என்பதால் காட்டுமக்கள் அவருக்குச் சாவே இல்லை என்று நம்புகிறார்கள். இந்த முன்கதையை அவர்களே அடிக்கடி திரும்பச் சொல்லிவிடுவார்கள். எந்த இதழிலும் ஏறிக்கொள்ளலாம், பாசஞ்சர் ரயில் மாதிரி.

ஒன்று மட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் காட்டுமக்களுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து நீதி சொல்வதாகவே பழைய கதைகள் இருக்கும். எனக்கு அது உறுத்தல்தான். புத்தகத்தை ஒளித்துவைக்காமல், "அந்த ஊர்க்காரங்களுக்கே ஏன் அறிவு இல்லாத மாதிரி வரைஞ்சிருக்காங்க?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். நல்ல பதில் வரும். முத்து காமிக்ஸில் இவருக்கு வேதாளர் என்று பெயர், தேடும்போது அதை நினைவில் வையுங்கள். ராணி காமிக்ஸ் 2005ல் நின்றுவிட்டது.

பன்னிரண்டு வயதுக்கு மேலே என்றால் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை, இவர் கூர்மண்டையன்! குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கி, பிறகு மற்றக் குற்றவாளிகளை அடக்குகிறவர். தற்பெருமை தாங்காது. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே இவருக்கும் கதை எழுதியிருக்கிறார். தமிழில் லயன் காமிக்ஸ் 1984ல் தொடங்கியபோது 'எத்தனுக்கு எத்தன்' என்று அறிமுகமானார். பிள்ளைக்கு முன் அப்பாக்கள் பிடுங்கிப் படித்துவிடுவீர்கள்.

லயனும் முத்துவும் இன்றும் சிவகாசியிலிருந்து, ஆசிரியர் விஜயன் அவர்கள் பொறுப்பில் வந்துகொண்டிருக்கின்றன. இப்போது பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகள், வண்ணத்தில், நல்ல தாளில். முத்துவுக்கு 2022ல் ஐம்பது வயது நிறைந்தது. பேருந்து நிலையக் கடையில் தேடி ஏமாறாதீர்கள். சந்தா கட்டுவதும் புத்தகத் திருவிழாவில் வாங்குவதும்தான் வழி. விலை அந்தக் காலத்து விலை இல்லை, ஆகவே அக்கா தங்கை குடும்பங்கள் சேர்ந்து ஒரு சந்தா கட்டிச் சுற்றுக்கு விடுங்கள். பழைய இதழுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அது சேகரிப்பவர்களின் ஆட்டம், பிள்ளை படிக்க மறுபதிப்பு போதும். என்னைப் போன்றவர்கள் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு ஓடும்? பத்து வயது வாசகர் பத்துப் பேராவது வரவேண்டும்.

வாங்கிய பிறகு, முதல் இரண்டு பக்கம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே குரல் மாற்றிப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவது பக்கத்தில் "அடுப்பில் வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடுங்கள். எந்தப் புத்தகம் கொடுத்தீர்கள், பிள்ளை எந்தப் பக்கம் வரை போனது என்று கீழே எழுதுங்கள். திண்டுக்கல்லில் இருப்பவர்கள் ஞாயிறு மாலை வீட்டுக்கே வந்து என் கட்டிலிருந்து இரவல் எடுத்துப் போகலாம். நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பழைய வழக்கம்தான்.