குறைந்தது யாருடைய கூலி?

ஆரணியில் விடியற்காலையில் நம்மை முந்தி எழுப்புவது கோவில் மணியா, தறியின் ஓசையா என்று சொல்வது அரிது. நாம் பூசைக்குப் புறப்படும் வேளையிலேயே சில தெருக்களில் பட்டுப் பாவை நீள விரித்துக் கட்டி, குடும்பத்தார் இருபுறமும் நின்று இழைகளைச் சீர்செய்து கொண்டிருப்பர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு எத்தனையோ ஊர்களுக்குப் போகிறது. அதை நெய்தவரின் பெயர் அதனுடன் போவதில்லை. இவ்வூரில் பணியாற்றும் நாமும் பல நாள் இதைக் கண்டும் காணாதவராகவே இருந்தோம். நம் கண்களைத் திறந்த நிகழ்ச்சி ஒன்றை வாசக அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நலம் என்று எண்ணுகிறோம்.

மே மாதம் முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். 1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய திருநாள் அது. அந்நாளுக்கெனப் புதிய பூசை உடுப்பு ஒன்று தைக்க விரும்பி, வெண்பட்டு நெய்து தருமாறு முதிய நெசவாளர் ஒருவரைக் கேட்டோம். அவர் நம் மறையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் மனமுவந்து ஒப்புக்கொண்டு விலையையும் சொன்னார். “கோவில் காரியமாயிற்றே, சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றோம். ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிங்க சாமி” என்றார். பங்கின் பணத்தை மிச்சப்படுத்திய மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

திருநாளுக்குச் சில நாள்களுக்கு முன் அவர் இல்லம் சென்றோம். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். கால்கள் மிதியை மிதிக்க, ஒரு கை நாடாவை ஓட்ட, மறு கை பலகையை இழுத்து அடிக்க, இழை இழையாகப் பட்டு வளர்ந்தது. விரற்கடை அளவு வளர எத்தனை முறை நாடா ஓட வேண்டும் என்று எண்ணத் தொடங்கி, நடுவிலேயே கணக்கைத் தவறவிட்டோம். அருகே அவர் மனைவி தார் சுற்றிக்கொண்டிருந்தார். புதிய பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைமுனைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பதும் அவ்வம்மாளே. அவருக்கென்று தனிக் கூலி இல்லை. கணவர் பெறும் கூலியில் அதுவும் அடக்கம்.

“பூசை உடுப்புக்கு விலை குறைத்தீர்களே, உங்களுக்கும் புண்ணியம் உண்டு” என்று சிரித்தபடி சொன்னோம்.

அம்மாள் தலை நிமிராமலே மறுமொழி கூறினார்: “கோவிலுக்குன்னு குறைச்சோம், சாமி. ஆனா பட்டுநூல் விலை குறையல, சாயக் கூலி குறையல. குறைஞ்சது எங்க கூலி மட்டுந்தானுங்க.”

“சும்மா இரு” என்று கணவர் அடக்கினார். அவர் கணக்குச் சொல்வதுபோல் அமைதியாகவே சொன்னார்; நமக்கோ வெட்கத்தால் வாய் எழவில்லை.

ஏனெனில் அத்திருநாளுக்கான பிரசங்கத்தை முன்னரே எழுதி வைத்திருந்தோம். வேலை ஆதாமின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்று நம்முள் பலர் எண்ணுகின்றனர். ஆதியாகமத்தை வரிசையாக வாசித்தால் அவ்வெண்ணம் தவறென்று விளங்கும். மனிதன் பாவம் செய்யுமுன்பே, தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி இறைவன் அவனை அங்கே வைத்தார். முள்ளும் வியர்வையும் பின்னரே வந்தன. மனிதனாகப் பிறந்த இறைமகனை ஊரார் தச்சர் என்றே அறிந்திருந்தனர். புனித சின்னப்பர் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியருடன் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 செப்டம்பர் 14-ஆம் நாள் உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். செய்யப்படும் பொருளைக் கொண்டல்ல, செய்பவர் மனிதர் என்பதைக் கொண்டே வேலையின் மதிப்பை அளக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. ஒரு சமுதாயம் நீதியுள்ளதா என்று அறிய, அங்கே உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றும் அவர் கற்பித்தார். ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடும்படி மோயீசனின் சட்டம் பணிக்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிட்டு ஆண்டவரின் செவியை எட்டும் என்று புனித யாகப்பர் எச்சரிக்கிறார்.

இவையெல்லாம் நம் பிரசங்கக் குறிப்பில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. அக்குறிப்பை எழுதிய நாமே விலையையும் குறைத்திருந்தோம். பீடத்திற்கு வரும் பட்டை மதித்தோம்; அதை நெய்தவரை மறந்தோம்.

அன்று கதிரவன் மறையுமுன், குறைத்த தொகையை நம் சொந்தப் பணத்திலிருந்து எடுத்துச் சென்றோம். பெரியவர் வாங்கத் தயங்கினார். “இது காணிக்கையன்று, உங்களுக்கு உரியது” என்று வற்புறுத்தியபின் பெற்றுக்கொண்டு, அதை மனைவியின் கையில் கொடுத்தார். திருநாளன்று பழைய குறிப்பை ஒதுக்கிவிட்டு, நம் தவற்றையே பிரசங்கமாகச் சொன்னோம்.

நூல் தொழில் செய்துகொண்டே புனிதம் அடைந்த தாய் ஒருவர் நமக்கு உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் அன்னையான செலி மார்ட்டின், பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் பூப்பின்னல் தொழில் நடத்தியவர். பெண்கள் தத்தம் வீடுகளில் பின்னித் தந்த துண்டுகளைத் தம் கையாலேயே இணைப்பார். கடிகாரத் தொழில் செய்துவந்த கணவர் லூயி, அதை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். திருத்தந்தை பிரான்சிஸ் இத்தம்பதியரை 2015 அக்டோபர் 18-ஆம் நாள் புனிதர்களாக அறிவித்தார். வீட்டையும் வேலையையும் ஒருங்கே சுமக்கும் நம் தாய்மாருக்கு இவர்கள் நல்ல துணை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, பெரிய கடைகளில் எழுதியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். கீரை விற்கும் பாட்டியிடமும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும், கொத்தனாரிடமும் பேரம் பேசுகிறோம். அங்கே குறைவது யாருடைய கூலி என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நம் வீட்டிலேயே கூலியின்றித் “தார் சுற்றும்” கைகள் எவையென்றும் பார்ப்போம்.

அந்த வெண்பட்டு உடுப்பை இன்றும் அணிகிறோம். காணிக்கை வேளையில் மனித உழைப்பால் வந்த அப்பத்தை உயர்த்தும்போதெல்லாம் அம்மாள் சொன்ன கணக்கு நம் செவியில் ஒலிக்கிறது. அந்தக் கணக்கை மறவாதிருக்கும் வரத்தை ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறோம்.