தரையைப் பாருங்கள்

டொர்னாடோ பார்த்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வீடுகளைப் பெயர்த்து, லாரிகளைத் தூக்கி எறிந்த கதை வரும் என்று காத்திருக்கிறார்கள். என்னிடம் அந்தக் கதை இல்லை. நான் பார்த்தது சிறியது. ஆனாலும் அதைப் பற்றித்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மகன் இருப்பது அமெரிக்காவின் டென்வர் நகருக்குக் கிழக்கே, மரமே இல்லாத சமவெளியில். கோடையில் அங்கே போனால் மத்தியானத்துக்கு மேல் மேகம் வளர்வதைப் பார்த்துக்கொண்டு திண்ணை மாதிரியான முன்தளத்தில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு அம்மாள் எழுபதைத் தாண்டியவர், கோதுமை விவசாயக் குடும்பம். வானிலைத் துறைக்குத் தகவல் சொல்லும் தன்னார்வலர். ஒரு ஜூன் மாதப் பிற்பகலில் வேலியோரம் வந்து நின்றார். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மேலே இல்லை, அதோ அங்கே, தரையைப் பாருங்கள்" என்றார்.

வெகு தூரத்தில் உழுத நிலத்தின் மேல் புழுதி வட்டமாகக் கிளம்பியிருந்தது. அதற்கும் மேகத்துக்கும் நடுவே ஒன்றுமே தெரியவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் மேகத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய புனல் எட்டிப் பார்த்தது. எங்கள் ஊர்ச் செம்மண் காட்டில் சித்திரை வெயிலுக்கு எழும் பேய்க்காற்றுக்கு மேலே மேகம் வேண்டியதில்லை. சூடான தரையே போதும். நான் அன்று பார்த்ததற்கு மேகம் வேண்டும். ஆனால் சுழற்சி மேகத்திலிருந்து வருவதில்லை என்பதை அந்த அம்மாள்தான் பொறுமையாக, வெவ்வேறு நாட்களில், நான் கேட்கக் கேட்க விளக்கினார்.

பெரிய டொர்னாடோக்கள் பெரும்பாலும் சூப்பர்செல் என்னும் ராட்சத இடிமேகத்தில் பிறக்கின்றன. அதற்குள் மேலெழும் காற்றே பல கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழன்றுகொண்டிருக்கும். நான் பார்த்த வகைக்கு லேண்ட்ஸ்பௌட் என்று பெயர். டென்வருக்குத் தெற்கே பாமர் மேடு கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. தென்கிழக்குக் காற்று அதைத் தாண்டி இறங்கும்போது சமவெளியில் வளைந்து திரும்பி, வேறு திசைக் காற்றோடு மோதுகிறது. மோதும் கோட்டில் சின்னச் சின்னச் சுழல்கள் தரையோடு கிடக்கும்; கண்ணுக்குத் தெரியாது. வளர்கிற மேகம் ஒன்று சரியாக அதன் தலைக்கு மேல் வந்தால், மேலே இழுக்கும் காற்று அந்தச் சுழலை நீட்டி ஒடுக்கிவிடும். தட்டாமாலை சுற்றும் பிள்ளை விரித்த கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டால் வேகம் கூடுமே, அதே கணக்கு.

கடலிலும் இதுதான் நடக்கிறது. புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் ஜோசப் கோல்டன் என்ற ஆய்வாளர் விமானத்தில் பறந்து நீர்த்தாரைகளைக் கவனித்து, அவற்றின் வாழ்வை ஐந்து கட்டங்களாக 1974இல் எழுதினார். முதல் கட்டம், கடல்பரப்பில் தோன்றும் ஒரு கருவட்டம். அங்கேயும் கீழேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் கலைந்துவிடும். குளிர்ந்த காற்று மேலே வந்து நிற்கும் நாட்களில் தொங்கும் புனல் மேகங்கள் தரையைத் தொடுவதே அபூர்வம். அதனால் 'பலவீனமானவை' என்று தரம் பிரித்திருக்கிறார்கள். அந்தத் தரம் மற்றவற்றோடு ஒப்பிட்டுக் கொடுத்தது. அதன் கீழே நிற்பவருக்குக் கொடுத்ததல்ல. டொர்னாடோக்களின் வலிமையைத் தரம் பிரிக்கும் அளவுகோலில் மிகக் கீழ்ப்படியான இஎஃப்-0 என்பதே மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வேகம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியும். 2013 ஜூன் 18 அன்று டென்வர் விமான நிலையத்தை ஒட்டி ஒரு டொர்னாடோ இறங்கியது. அங்கிருந்த கருவி மணிக்கு 156 கிலோமீட்டர் வேகத்தைப் பதிந்தது. பயணிகள் கழிவறைகளிலும் படிக்கட்டுகளிலும் ஒதுங்கி நின்றார்கள். அதன் தரம் இஎஃப்-1, கீழிருந்து இரண்டாம் படி.

சின்னவை இன்னொரு விதத்தில் கடினமானவை. டாப்ளர் ரேடார் மேகத்துக்குள் இருக்கும் சுழற்சியைத் தேடிப் பிடிக்கும். இவற்றின் தாய்மேகத்தில் அது இருப்பதில்லை. தூரம் போகப் போக ரேடாரின் கதிர் தரைக்கு வெகு உயரத்தில் கடந்துவிடும். ஆகவே, எச்சரிக்கை வர வேண்டுமென்றால் பல வேளைகளில் யாராவது ஒருவர் முதலில் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அந்த யாரோ ஒருவராக அந்த அம்மாள் வருடக்கணக்கில் இருந்துவருகிறார். காலியான வயலின் மேல் எழுந்த புழுதி வளையத்தையும், தரை தொடாமல் கலைந்த புனலையும்கூட விடாமல் தொலைபேசியில் சொல்கிறார். எந்தத் திசை, எந்தச் சாலைக்கு அருகே, சுழல்கிறதா, தரையைத் தொட்டதா என்று நிதானமாகச் சொல்வார். தெரியாததைக் கூட்டிச் சொல்ல மாட்டார். இதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. நான் மதிக்கும் மனிதர்களின் வரிசையில் அவரை மிக முன்னால் வைத்திருக்கிறேன்.

இப்படிப் பார்த்துச் சொல்வதற்கான பயிற்சியை வானிலைத் துறை இலவசமாகவே நடத்துகிறது. சில மணி நேர வகுப்புதான். பேரன் போகட்டுமா என்று கேட்டான். படிப்பு கெடுமோ என்று மருமகள் தயங்கினாள். "அனுப்பம்மா, இதுவும் படிப்புதான்" என்றேன். அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.